விழப் பழகும் பிள்ளைக்கு ‘போதும்’ என்று சொல்ல உரிமை உண்டு

தற்காப்புக் கலை வகுப்பில் சேரும் நாளில் நீட்டப்படும் படிவத்தின் அடியில் பெரும்பாலும் ஒரு வரி இருக்கும்: பயிற்சியில் ஏற்படும் எந்தக் காயத்துக்கும் நிர்வாகம் பொறுப்பல்ல. கராத்தே, ஜூடோ, அய்கிடோ எதுவானாலும் அந்த வரி மாறுவதில்லை. தாய் தகப்பன் அதை வாசிப்பதும் குறைவு. காசைக் கட்டி, கையொப்பம் வைத்துவிட்டு வந்துவிடுவார்கள். பிறகு பிள்ளை கையை முறித்துக்கொண்டு வந்தால், “நாங்கள்தானே கையெழுத்து வைச்சனாங்கள், இனி என்ன கேக்கிறது” என்று பேசாமல் இருந்துவிடுவார்கள்.

அந்த வரிக்கு அவ்வளவு பலம் கிடையாது. இலங்கையில் 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டம் என்று ஒன்று உண்டு. கவனயீனத்தால் ஒருவருக்கு மரணமோ உடற்காயமோ ஏற்பட்டால், அந்தப் பொறுப்பை ஒப்பந்த வாசகத்தாலோ சுவரில் ஒட்டிய அறிவித்தலாலோ ஒரு தொழில் நடத்துநர் கழற்றிவிட முடியாது என்பது அதன் சாரம். கட்டணம் வாங்கி வகுப்பு நடத்துபவர் இதற்குள் வருவார். அதற்காக ஒவ்வொரு சுளுக்குக்கும் நட்டஈடு கேட்கலாம் என்று எண்ண வேண்டாம். ஒழுங்காக நடத்தப்படும் வகுப்பிலும் விரல் மடங்கும், முழங்கை உரசும். அந்த அளவு ஆபத்தை நாமே ஏற்றுக்கொண்டுதான் உள்ளே போகிறோம். விழவே பழக்காத பிள்ளையைத் தூக்கி எறிவதும், வெறும் சீமெந்தில் எறிவதும், தலையிடிக்கிறது என்ற பிறகும் எறிவதும் வேறு கதை. அதைத்தான் கவனயீனம் என்கிறோம்.

ஆகவே விழுவதை எப்படிப் பழக்க வேண்டும் என்று பெற்றோரும் கொஞ்சம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். மொரிஹெய் உவேஷிபா உருவாக்கிய அய்கிடோவில் ஒருவர் எறிவார், மற்றவர் விழுவார். பிறகு இருவரும் இடம் மாறுவார்கள். அதனால் பயிற்சியில் பாதி நேரம் விழுவதிலேயே போகிறது. பின்பக்கமாக விழுவதை நின்ற நிலையில் தொடங்கக் கூடாது. குந்தியிருந்து, நாடியை நெஞ்சோடு ஒட்டி, கண்ணை இடுப்புப் பட்டியின் முடிச்சில் வைத்து, முதுகை வளைத்துச் சாய வேண்டும். கண் முடிச்சை விட்டுக் கூரைக்குப் போன கணத்தில் பின்தலை நிலத்தைத் தேடிப் போய்விடும். புதியவரிடம் ஆசிரியர் பார்க்க வேண்டிய முதல் விடயமே அந்தக் கண்தான்.

முன்பக்கம் உருளுவதில் தலைக்கு வேலையே இல்லை. சின்ன விரல் பக்கத்து உள்ளங்கை விளிம்பு, முன்கை, தோளின் பின்புறம், அங்கிருந்து முதுகின் குறுக்கே எதிர்ப்பக்க இடுப்பு என்று உடல் ஒரு சாய்கோட்டில் நிலத்தைத் தொட்டுப் போக வேண்டும். கை மடங்கித் தோள் முனை நேரே நிலத்தில் இறங்கினால் காறை எலும்பு போகும். பயத்தில் கையை நீட்டி ஊன்றினால் மணிக்கட்டு போகும். புதியவர்களுக்கு வரும் முறிவுகளில் இவை வழக்கமானவை. முழங்காலில் நின்று உருண்டு, அது கைவந்த பின் அரைக் குந்தல், அதன் பிறகே நின்று உருளுதல். ஒரு படியில் எத்தனை வகுப்பு நிற்பது என்பதைப் பழகுபவரின் உடல்தான் சொல்ல வேண்டும். பக்கத்துப் பிள்ளை பாய்ந்து உருளுகிறது என்பதற்காக உங்கள் பிள்ளை அவசரப்படத் தேவையில்லை. பயம் குறைவதும் இப்படித்தான்; நிலத்துக்குக் கிட்ட நின்று பல தடவை விழுந்த உடலுக்குத்தான் உயரத்தில் நிதானம் வரும்.

இந்த ஒழுங்கை மீறினால் என்ன நடக்கும் என்பதற்கு 2021 ஏப்ரலில் தாய்வானின் தைச்சுங் நகரில் நடந்தது சாட்சி. ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் ஜூடோ வகுப்பில் சேர்ந்து சில நாள்தான் ஆகியிருந்தது. ஒரே வகுப்பில் அவனை 27 தடவைக்கு மேல் எறிந்தார்கள். தலை நோகிறது, வேண்டாம் என்று பிள்ளை அழுதது. நடிப்பு என்று பயிற்றுநர் விடவில்லை. உறவினர் ஒருவர் அங்கேயே நின்று கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். நினைவிழந்த சிறுவன் ஜூன் மாத இறுதியில் இறந்தான். அந்தப் பயிற்றுநரிடம் உரிமம் இருக்கவில்லை என்பது பிறகு தெரியவந்தது. 2022இல் நீதிமன்றம் அவருக்கு ஒன்பது ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. ஜூடோ பிறந்த ஜப்பானிலேயே 1983 முதலான முப்பது ஆண்டுகளுக்குள் பாடசாலை ஜூடோவில் 110க்கும் மேற்பட்ட மாணவர்கள் இறந்ததை நகோயாப் பல்கலைக்கழக ஆய்வாளர் ரியோ உச்சிதா தொகுத்துக் காட்டினார். தலைக்காயமே பெருங்காரணம், புதிதாகச் சேர்ந்தவர்களே அதிகம். அய்கிடோவில் இதற்கு நிகரான ஆபத்து ஷிஹோ நாகே என்ற எறிதலில் இருக்கிறது. கை தோளுக்குப் பின்னால் மடிந்து பூட்டப்பட்டிருக்க, விழுபவர் மல்லாக்காகச் சரிவார். எறிபவர் வேகமாக வெட்டி இறக்கினால் பின்தலையே முதலில் படும்.

தைச்சுங்கில் நின்ற உறவினரை நாம் இலேசாகக் குறை சொல்லிவிடலாம். நம்மூர் வகுப்பில் எத்தனை தகப்பன்மார் எழும்பி, “மாஸ்டர், இண்டைக்கு இவனுக்குக் காணும்” என்று சொல்வார்கள்? அடியாத மாடு படியாது என்று வளர்ந்த ஊர் இது. ஆனால் அய்கிடோவின் விதிகளுக்குள்ளேயே மறுக்கும் உரிமை இருக்கிறது. பூட்டு வலித்தால் கையால் பாயிலோ எதிராளியின் உடலிலோ தட்ட வேண்டும். தட்டிய உடனே விட்டாக வேண்டும். எவ்வளவு பெரிய கறுப்புப் பட்டியானாலும் இதில் விலக்கு இல்லை. பிள்ளைக்கு முதல் கிழமையே இதைச் சொல்லிக்கொடுங்கள். “மாஸ்டர், எனக்கு இது ஏலாது, ஒருக்கால் மெதுவாக் காட்டுங்கோ” என்று கேட்கும் பிள்ளையை ஏளனம் செய்யும் வகுப்பிலிருந்து அன்றைக்கே கூட்டிக்கொண்டு வந்துவிடலாம். கட்டிய காசு போனால் போகட்டும்.

அடுத்தது தரை. சனசமூக நிலையம், பாடசாலை மண்டபம், கோயில் மண்டபம் என்று நம் வகுப்புகள் கூடும் இடங்களில் பெரும்பாலும் சீமெந்துத் தரைதான். அதன்மேல் பனையோலைப் பாயை விரித்தால் பாய் வழுக்கும், விழுபவரோடு சேர்ந்து அதுவும் போகும். ஒன்றோடொன்று கொளுவும் தடித்த நுரைப்பாய், நான்கு சென்ரிமீற்றர் அளவிலாவது, இடைவெளி விடாமல் போட்டிருக்க வேண்டும். அது வாங்க வசதி வரும்வரை கராத்தே அடவுகளைப் பழகலாம். எறிதலைத் தொடக் கூடாது. காரைநகர்க் கசூரினாப் பக்கம் மணலில் பழகினால் என்ன என்று கேட்பவர்களுக்கு: காய்ந்த மணலில் முழங்கால் உருளுதல் பரவாயில்லை, ஈர மணல் கல்லுக்குச் சமம்.

தலையில் அடிபட்டால் அன்றைய பயிற்சி அத்தோடு முடிந்தது. இரண்டு நிமிடத்தில் தெளிந்துவிட்டான் என்று திரும்பப் பாய்க்கு அனுப்பக் கூடாது. மூளைக்கு மேலுள்ள இரத்த நாளம் அறுந்து இரத்தம் கசியத் தொடங்கினால் முதலில் ஆள் நன்றாகவே இருக்கலாம். மணித்தியாலங்கள் கழித்தும் விழலாம். தலை நிலத்தில் படாமல் பலமாக உலுக்குண்டாலும் இது நடக்கலாம். தலையிடி கூடுவது, சத்தி, நித்திரைத் தூக்கம், பேச்சுக் குழறல், வலிப்பு, ஒரு கண்மணி மற்றதைவிடப் பெரிதாவது, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் 1990க்கு அழையுங்கள். 2018 யூலையில் யாழ்ப்பாணத்துக்கு வந்த சுவசெரிய அம்புலன்ஸ் சேவைக்கு ஒரு சதமும் கொடுக்கத் தேவையில்லை. கழுத்து நோகிறது, கை கால் விறைக்கிறது என்றால் ஆளைத் தூக்கி நிமிர்த்தாமல் கிடந்தபடி விட்டு அழையுங்கள். பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைகளும் யாழ் போதனா வைத்தியசாலையும் இலவசமாகவே பார்க்கும். முறிவு நெரிவு என்றால் நாட்டு வைத்தியரிடம் புக்கை கட்டப் போவது நம் வழக்கம். தலையடிக்கும் கழுத்தடிக்கும் அங்கே போய் நேரத்தை இழக்காதீர்கள்.

முறையிடும் இடங்கள் நடந்ததைப் பொறுத்து மாறும். பிள்ளையை அடித்தோ வதைத்தோ பழக்கினால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929. இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். பாடசாலைகளில் உடல் தண்டனை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சுற்றுநிருபத்தால் தடைசெய்யப்பட்டது. ஆசிரியரின் அறையால் கேட்கும் திறன் பாதிக்கப்பட்ட மாணவனுக்கு 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் நட்டஈடு வழங்கியது. அரச பாடசாலையில் இப்படி நடந்தால் அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணைக் காலம் அந்தக் கணக்கில் சேராது. தனியார் வகுப்பின் சேவைக் குறைபாட்டுக்குப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 உண்டு. நட்டஈட்டு வழக்குக்கு மாவட்ட நீதிமன்றம், கால எல்லை இரண்டு ஆண்டு. யாழ்ப்பாணத்தின் வழமைச் சட்டமான தேசவழமையை இதற்குள் இழுக்க வேண்டாம். காயத்துக்கு நாடு முழுக்க ரோமன் டச்சுச் சட்டம்தான். சட்டத்தரணிக்குக் காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண நிலையத்துக்குப் போகலாம்.

இவை எல்லாவற்றையும் ஒரே பொய் கெடுத்துவிடும். மாஸ்டரின் பெயர் கெடக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் “படியில சறுக்கி விழுந்தவன்” என்று சொல்வது. வைத்தியர் முதல் நாள் எழுதும் குறிப்புத்தான் பிறகு நீதிமன்றத்தில் பேசும். எங்கே, எந்த வகுப்பில், எந்த எறிதலில் விழுந்தது என்று உள்ளதைச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரிப் பொலிஸ் கேட்டாலும் அதையே சொல்லுங்கள். வீட்டுக்கு விடும்போது தரும் நோய் நிர்ணய அட்டையையும், சேரும்போது ஒப்பமிட்ட படிவத்தின் பிரதியையும் ஒரே கோவையில் போட்டு வையுங்கள்.