திருத்தங்களையும் நகலெடுத்த கை

பழைய ஓவியங்களை அப்படியே பார்த்து வரைவது கலையா, திருட்டா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். திருட்டு என்றால் டிஷியனைப் பார்த்து வரைந்த ரூபன்ஸும் பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் உட்கார்ந்து ஷார்தானைப் பார்த்து வரைந்த மத்தீஸும் திருடர்கள்தான். லூவரில் இன்றும் அனுமதி வாங்கி வரையலாம். மூலத்தின் அளவிலேயே வரையக் கூடாது, ஓவியரின் கையெழுத்தைப் போடக் கூடாது, அவ்வளவுதான்.

நகலெடுப்பவர் கற்பது முகச்சாயலை அல்ல, எதன்மேல் எதைப் பூசுவது என்ற வரிசையை. பல பழைய ஓவியர்கள் முதலில் சாம்பலிலோ பழுப்பிலோ ஒளியையும் நிழலையும் முடித்துவிடுவார்கள். காய்ந்தபின் அதன்மேல் கண்ணாடி போன்ற மெல்லிய வண்ணப் படலங்கள். சின்ன வயதில் மிட்டாய்க் காகிதத்தைக் கண்ணில் வைத்துத் தெருவைச் சிவப்பாக்கிப் பார்ப்போமே, அந்த வித்தைதான். மோனாலிசாவின் முகத்தில் இப்படிப் பூசிய படலங்களை 2010-ல் ஊடுகதிரால் அளந்தார்கள். எல்லாம் சேர்ந்தே 30, 40 மைக்ரான்தான், ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லை. மேல் படலங்களுக்குப் போகப் போக வண்ணத்தில் எண்ணெயின் அளவு கூட வேண்டும். ஆளிவிதை எண்ணெய் ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல இறுகுகிறது. அடிப்பூச்சு இறுகுமுன் மேல்பூச்சு காய்ந்துவிட்டால் விரிசல்தான்.

எனக்குப் பிடித்த நகல் மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதுவும் மோனாலிசாதான், பின்னணி மட்டும் கறுப்பாக இருந்தது. வெகுகாலம் அதை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. அந்தக் கறுப்பு பின்னாளில் யாரோ பூசியது. அதை நீக்கியதும் மலையும் ஆறும் வெளிப்பட்டன. அகச்சிவப்புப் படத்தில் வண்ணத்துக்கு அடியில் உள்ள கோடுகளைப் பார்த்தவர்களுக்கு அதைவிட வியப்பு. லியனார்டோ கோடு போட்டு மாற்றிய சில இடங்களில் நகலிலும் அதே மாற்றம்! முடிந்த படத்தைப் பார்த்து வரைபவருக்கு உள்ளே புதைந்த திருத்தம் எப்படித் தெரியும்? குரு வரைய வரையப் பக்கத்திலேயே ஒரு சீடர் வரைந்திருக்க வேண்டும் என்று 2012-ல் பிராடோ அறிவித்தது. சலாய், மெல்ஸி என்று பெயர்கள் அடிபடுகின்றன, ஆதாரம் இல்லை.

அந்தச் சீடருக்குக் கிடைத்த பாடம் இன்று மோனாலிசாவுக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுப்பவர்களுக்குக் கிடைக்காது. புகைப்படத்தை நொடியில் ‘ஆயில் பெயிண்டிங்’ ஆக்கும் செயலிகளும் மேல்தோலை மட்டுமே தருகின்றன.

வாசகர் முயல்வதானால் மோனாலிசா வேண்டாம். ரெம்பிரான்ட்டின் முதுமைக்காலத் தன்னுருவம் ஒன்றை எடுக்கட்டும். வெளிச்சம் விழும் நெற்றியில் வண்ணம் தடித்திருக்கும், நிழலில் மெலிந்திருக்கும். சாதாரண அச்சுப்படத்தில் இது தெரியாது. பக்கவாட்டில் விளக்கு வைத்து எடுத்த படமாகப் பார்த்துத் தேட வேண்டும்.