சந்தையில் வரும் கணக்கு வகுப்பறையில் வராதது ஏன்?

புது தில்லி: கிலோ 20 ரூபாய்க்கு உருளைக்கிழங்கு 800 கிராம், கிலோ 15 ரூபாய்க்கு வெங்காயம் 1 கிலோ 400 கிராம். 200 ரூபாய் நோட்டை நீட்டினால் மீதி எவ்வளவு? காகிதமோ பென்சிலோ இல்லாமல் மனக்கணக்காகவே 163 ரூபாயை எண்ணித் தந்துவிடுகிறார்கள் சந்தையில் காய்கறி விற்கும் சிறுவர்கள். இதைவிட எளிய கணக்கைப் பாடநூல் வடிவில் தாளில் எழுதிக் கொடுத்தால் திணறுகிறார்கள்.

கொல்கத்தாவிலும் தில்லியிலும் சந்தைகளில் வேலை செய்யும் 1,436 சிறுவர்களிடம் நடத்திய ஆய்வில் தெரியவந்த உண்மை இது. 2025 பிப்ரவரியில் "நேச்சர்" இதழில் வெளியான இந்த ஆய்வில், 2019-ல் நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ ஆகியோருடன் ஹார்வர்டு பல்கலைக்கழக உளவியல் அறிஞர் எலிசபெத் ஸ்பெல்கியும் பங்கேற்றார்.

சந்தை அனுபவம் இல்லாத 471 பள்ளி மாணவர்களிடம் நிலைமை நேர்மாறாக இருந்தது. எளிய ஏட்டுக் கணக்குகளை அவர்கள் கூடுதல் சரியாகச் செய்தனர். ஆனால், வேலை செய்யும் சிறுவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு மேல் விடை கண்ட ஒரு சந்தைக் கணக்குக்கு, மாணவர்களில் 1 சதவீதத்தினரே சரியான விடை கூறினர். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இங்கே கறிக்கு உதவும் சுரைக்காய் ஏட்டில் ஏறவும் இல்லை.

கால் நூற்றாண்டுப் பயணம்

இந்த முடிவுக்குப் பின்னே நீண்ட தேடல் உள்ளது. ஆறு மாதக் குழந்தைகூட 8 புள்ளிகளையும் 16 புள்ளிகளையும் வேறுபடுத்தி அறிகிறது என்று 2000-ல் ஃபெய் ஷூவும் ஸ்பெல்கியும் எழுதினர். பிறவியிலேயே அமைந்த இந்த எண்ணுணர்வை வளர்த்தால் பள்ளிக் கணக்கும் எளிதாகுமா என்ற கேள்வி எழுந்தது.

அதற்கு விடை காணும் முயற்சி நடந்தது தில்லியில். "பிரதம்" தொண்டு நிறுவனத்துடன் இணைந்து, 214 மழலையர் பள்ளிகளைச் சேர்ந்த 1,540 குழந்தைகளிடம் சோதனை நடத்தப்பட்டது. நான்கு மாதங்கள் கணித விளையாட்டுகளை ஆடிய குழந்தைகளின் எண்ணுணர்வு மேம்பட்டது. ஓராண்டுக்குப் பிறகும் அது நீடித்தது. ஆனால், தொடக்கப் பள்ளிக் கணக்கில் நிலையான பலன் இல்லை. அந்த ஏமாற்றத்தை மறைக்காமல் 2017-ல் "சயின்ஸ்" இதழில் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். உள்ளுணர்வுக்கும் ஏட்டுக்கும் இடையே உள்ள அதே இடைவெளியைத்தான் சந்தை ஆய்வு மற்றொரு முனையிலிருந்து காட்டுகிறது.

புள்ளிகளில் அடங்காத மதிப்பு

ஆய்வுகளின் மதிப்பை நம் கல்வித்துறை எடைபோட்ட விதம் வேறு. கல்லூரி ஆசிரியர்களின் பதவி உயர்வுக்குக் கட்டுரைகளைப் புள்ளிகளாக எண்ணும் முறையைப் பல்கலைக்கழக மானியக் குழு 2010-ல் கொண்டு வந்தது. பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் பெருகின. 2018 மே மாதம் 4,305 இதழ்களை அங்கீகாரப் பட்டியலிலிருந்து குழுவே நீக்க நேர்ந்தது. பின்னர் உருவாக்கிய "கேர்" பட்டியலும், சந்தை ஆய்வு வெளியான அதே 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது.

பிற அறிஞர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டினர் என்ற எண்ணிக்கை பயனற்றதல்ல. ஆனால், ஆய்வு யாரைப் பற்றியதோ அவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதை அது சொல்வதில்லை.

நாடாளுமன்றத்தின் முன்

சந்தைச் சிறுவர்களின் வாழ்வைத் தொடும் சட்டங்கள் நாடாளுமன்றத்தில்தான் நிறைவேறின. கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் வந்தது. பள்ளி நேரத்துக்குப் பின் குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவுவதை 2016-ல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் அனுமதித்தது. 5, 8-ம் வகுப்புகளில் தேர்ச்சி பெறாதோரை நிறுத்திவைக்க 2019-ம் ஆண்டுத் திருத்தம் வழிவிட்டது. மத்திய அரசுப் பள்ளிகளுக்கான அதன் விதிகள் 2024 டிசம்பரில் அறிவிக்கப்பட்டன.

குழந்தைகள் உழைப்பதற்கு இந்த ஆய்வு சான்றிதழ் வழங்கவில்லை. ஆனால், மாலையில் கடையில் மனக்கணக்குப் போடும் பிள்ளை, எழுத்துத் தேர்வில் தவறி அதே வகுப்பில் நிறுத்தப்பட்டால், குறை பிள்ளையிடமா, பாடத்திட்டத்திடமா?

மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் ஒவ்வொரு குழந்தைக்கும் அடிப்படை எண்ணறிவு என்பது 2021-ல் தொடங்கிய "நிபுண் பாரத்" திட்டத்தின் இலக்கு. அதற்குக் குறிக்கப்பட்ட ஆண்டு 2026-27. சந்தையின் கணக்கு பாடநூலில் இடம்பெறுமா என்பதை மத்திய, மாநில அரசுகளின் பாடநூல் குழுக்களே முடிவு செய்யவேண்டும். கால் நூற்றாண்டு ஆய்வின் உண்மையான தாக்கம் அங்கேதான் தெரியவரும்.