மாலையில் வீடு திரும்பும் பயணம்

பாடசாலை விடுமுறை விட்டதும், "எங்கேயாவது கூட்டிக்கொண்டு போங்கோ" என்று பிள்ளைகள் கேட்கின்றனர். சொந்தக் காணியை இழந்து, கூலிக்குத் தோட்டம் கொத்தும் பெற்றோர் பதில் சொல்ல முடியாமல் நிற்கின்றனர். உலாப் போவது காசுள்ளவர்களின் காரியம் என்ற எண்ணம் எம்மிடையே வேரூன்றிவிட்டது. அது சரிதானா என்று சிந்திப்போம்.

எமக்குப் பயணம் என்றால் இடப்பெயர்வு. 1990 இல் வலிகாமம் வடக்கு மக்கள் செம்மண் தோட்டங்களை விட்டு வந்தனர். 1995 ஒக்ரோபர் 30 இல் மூட்டை முடிச்சுகளுடன் எம் மக்கள் அரியாலையைக் கடந்து, செம்மணி வெளியூடாக நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தனர். 2000 இல் அரியாலை மக்களே ஊரைவிட்டு எழும்ப நேர்ந்தது. புறப்பட்டால் திரும்புவோமோ என்ற அச்சம் பெரியோரிடம் தங்கி, சொல்லாமலே பிள்ளைகளையும் பற்றுகிறது. பின்னேரம் புறப்பட்டு, பொழுதுபடுமுன் வீடு திரும்பும் சிறு பயணம் இந்த அச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும்.

இதற்குத் தூரம் போகத் தேவையில்லை. அரியாலையின் தெற்கே கடனீரேரி இருக்கிறது. வைகாசி முதல் புரட்டாதி வரை வீசும் சோளகம் தென்மேற்கிலிருந்து நீர்ப்பரப்பைக் கடந்து வருவதால், தகரக் கூரையின் கீழ் இருக்க முடியாத வேளையிலும் கரையில் குளிர்ச்சி உண்டு. சித்திரைப் பிறப்பை அண்டிய நாள்களில் சூரியன் எமக்கு நேர் மேலே நிற்கும். ஆகவே நான்கு மணிக்குப் பின் புறப்படுங்கள்.

ஒரு பாய், கொதித்தாறிய தண்ணீர், புழுக்கொடியல், இரண்டு தேங்காய்ச் சொட்டு ஆகியவை போதும். நடந்தோ சைக்கிளிலோ போனால் பஸ் காசும் இல்லை.

அங்கே தாத்தாவும் பாட்டியும் பேசட்டும். கரை ஏன் வெள்ளையாகப் பூக்கிறது? கோடையில் நீர் வற்ற, உப்பு மிஞ்சுகிறது. கிணற்றில் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் நன்னீரின் கீழுள்ள உவர்நீர் மேலேறும் என்பதையும் அங்கேயே விளக்கலாம். உவர் மண்ணைக் கையில் கொடுத்து, விட்டு வந்த செம்மண் எப்படி இருக்கும் என்று சொல்லுங்கள். இரண்டு பரப்புக் காணிக்குள் வளரும் கமக்காரரின் பிள்ளைக்கு இதுவே முதற் பாடம்.

கவனமும் வேண்டும். ஆட்கள் நடமாடும் பாதையை விட்டு விலகாதீர்கள். இனந்தெரியாத உலோகப் பொருளைத் தொடாமல் கிராம அலுவலருக்கு அறிவியுங்கள். சேறும் குழிகளும் உள்ளதால் சிறுவரைத் தனியே நீரில் இறங்க விடாதீர்கள்.

செம்மணியில் 1999 இலும் 2025 இலும் மனித எலும்புக்கூடுகள் தோண்டியெடுக்கப்பட்டன. அதுபற்றிப் பிள்ளை கேட்டால், வயதுக்கேற்ப உண்மையைச் சொல்லுங்கள்; சேர்ந்து ஒரு நிமிடம் செபியுங்கள். துயரம் நிறைந்த மண்ணிலும் பிள்ளைகள் விளையாடத்தான் வேண்டும்.

1989 இல் ஏற்கப்பட்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 31 ஆவது உறுப்புரை, ஓய்வும் விளையாட்டும் பிள்ளையின் உரிமை என்கிறது. இலங்கை 1991 இல் அதனை ஏற்று உறுதிசெய்தது. களைத்து வந்த சீடர்களை இளைப்பாறும்படி ஆண்டவரும் தனிமையான இடத்துக்கு அழைத்தார். ஆகவே வரும் ஞாயிறு பின்னேரம் அயல்வீட்டாரையும் சேர்த்துக்கொண்டு புறப்படுங்கள். விளக்கு வைக்கும் நேரத்துக்கு எல்லோரும் வீட்டில் இருப்பீர்கள் என்று பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.