பழைய ரயில் ஸ்டேஷனில் காபி குடிக்கலாமா?

நீங்க வளையமாதேவி, நெய்வேலி, விருத்தாசலம் பக்கமா? மீட்டர்கேஜ் காலத்து ரயில் பயணம் உங்க வீட்டுப் பெரியவங்களுக்கு நல்லா ஞாபகம் இருக்கும். ஸ்டேஷன் மாஸ்டர் கையில் ஒரு பெரிய வளையத்தோடு பிளாட்பாரத்தில் நிற்பார். அதில் இருக்கும் டோக்கன் கைக்கு வந்தால்தான் டிரைவர் வண்டியை எடுக்க முடியும். ஒற்றைப் பாதையில் இரண்டு ரயில்கள் எதிரெதிரே வந்துவிடாமல் காத்த ஏற்பாடு அது.

இப்படி டோக்கன் மாற்றிய ஒரு சின்ன ஸ்டேஷன் பக்கத்தில்தான் இன்று மக்கள் உட்கார்ந்து காபி குடிக்கிறார்கள். அது சிங்கப்பூரில் இருக்கும் புக்கிட் தீமா ஸ்டேஷன்.

பூட்டியது எப்போது, திறந்தது எப்போது?

1932-ல் கட்டிய செங்கல் கட்டடம் இது. மலேசிய ரயில்வேயின் பாதை சிங்கப்பூருக்குள் இந்த வழியாகத்தான் போனது. இரு நாடுகளுக்கும் நடந்த நில ஒப்பந்தத்தால் 2011 ஜூன் 30-ம் தேதியோடு இங்கே ரயில் நின்றது. தண்டவாளம் பெரும்பாலும் அகற்றப்பட்டது. ஆனால் கட்டடத்தை இடிக்கவில்லை. பாதுகாக்க வேண்டிய கட்டடம் என்று அதே ஆண்டில் அரசு அறிவித்தது. சீரமைப்பு முடிந்து 2022 ஜூலையில் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். ரயில் ஓடிய 24 கிலோமீட்டர் பாதை இப்போது நடைபாதை.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஸ்டேஷன் கட்டடத்துக்குள் அடுப்பு வைக்கவில்லை. அது கண்காட்சிக்கூடம் ஆனது. பக்கத்தில் இருந்த ரயில்வே ஊழியர் குடியிருப்புதான் உணவகம் ஆனது. பழமை பார்க்க வருபவர் சாப்பிட்டுப் போகிறார், சாப்பிட வருபவர் பழமையைப் பார்த்துப் போகிறார்.

நம்ம ஊரில்?

நம்மிடமும் பழைய ஸ்டேஷன்கள் உண்டு. சென்னை ராயபுரம் ஸ்டேஷனிலிருந்து 1856 ஜூலை 1-ம் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பியது. அந்த ஸ்டேஷன் இன்னமும் பயன்பாட்டில் இருக்கிறது. ஓட்டத்திலிருந்து எடுத்த ரயில் பெட்டிகளை உணவகம் ஆக்குவதும் நடக்கிறது. கோவை ஸ்டேஷன் வாசலில் அப்படி ஒன்று வந்தது. பெட்டியை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோய் வைக்கலாம். கட்டடம் அப்படி இல்லை, இடித்தால் போனதுதான். பூட்டியே வைத்தாலும் மழையும் செடியும் சுவரைத் தின்றுவிடும்.

நீங்க என்ன செய்யலாம்?

* உங்க ஊரில் பழைய ஸ்டேஷன் கட்டடம் சும்மா கிடக்கிறதா? ரயில்வே மத்திய அரசின் கீழ் வருவது. ஆகவே கோரிக்கையை ரயில்வே கோட்ட அலுவலகத்துக்கு அனுப்புங்க. விருத்தாசலம், நெய்வேலி பகுதிக்குத் திருச்சி கோட்டம்.
* கட்டடத்தை என்ன செய்யப் போகிறார்கள் என்று தெரியணுமா? மத்திய அரசின் ஆர்டிஐ இணையதளத்தில் போனிலேயே கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய்.
* ரயில் நிலைய உணவகத்தில் சாப்பாடு சரியில்லையா? 139-ல் அல்லது ரயில்மதத் செயலியில் புகார் செய்யுங்க.
* எந்த உணவகமானாலும் உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் கண்ணில் படும்படி இருக்கணும். சாப்பிட உட்காரும் முன் ஒருமுறை பாருங்க.

அடுத்த முறை ரயிலுக்குக் காத்திருக்கும்போது, பிளாட்பாரத்தின் கடைசி வரை ஒரு நடை போய்ப் பாருங்க. பூட்டுப் போட்ட பழைய கட்டடம் ஏதாவது இருந்தால் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்க. கோரிக்கையோடு இணைக்க அது உதவும்.