கடைமடைக்கும் கல்வி ஏறட்டும்

ஆனி பிறந்துவிட்டால் பேராவூரணி வட்டார மக்கள் இரண்டு திறப்புகளை எதிர்நோக்கியிருப்பார்கள். ஒன்று கல்லணைக் கால்வாயின் திறப்பு. மற்றொன்று கல்லூரிகளின் திறப்பு. மேட்டூரில் ஜூன் 12-ஆம் நாள் தண்ணீர் திறப்பது நெடுநாள் மரபு. நீர் இருப்புக் குறைந்த ஆண்டுகளில் அது தள்ளிப்போவதும் உண்டு; 2024-இல் ஜூலை 28-ஆம் நாள்தான் அணை திறக்கப்பட்டது. மேட்டூர்த் திட்டத்தின் பயனாக 1934-இல் நமக்குக் கிடைத்த அந்தக் கால்வாயைத் தஞ்சை மக்கள் இன்றும் 'புது ஆறு' என்றே அழைக்கின்றனர். நம் பகுதியை எட்டும்போது அது கடைமடையாகிவிடுகிறது.

'வாய்க்காலில் தண்ணீர் வந்தது. வயலில் ஏறவில்லை' என்பது கடைமடை உழவரின் பழைய முறையீடு. கல்லூரிக் கல்வியிலும் நம் பிள்ளைகளின் நிலை ஏறக்குறைய இதுவேதான். காலையில் பேருந்தில் போகிறார்கள், வகுப்பில் அமர்கிறார்கள், மணி அடித்தவுடன் பேருந்து நிறுத்தத்திற்கு விரைகிறார்கள். மூன்றாண்டுகள் கழிந்து பட்டமும் கைக்கு வருகிறது. ஆனால் நாலு பேர் முன்னிலையில் எழுந்து நின்று பேசவோ, ஒரு பொறுப்பை ஏற்று முடிக்கவோ அவர்களுக்குப் பழக்கம் ஏற்படுவதில்லை. புதிய பருவம் தொடங்கும் இந்த வேளையில் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து சிந்திக்க வேண்டிய செய்தி இது.

அன்றைய தொலைவு

ஒரு தலைமுறைக்கு முன்னர் கல்லூரி என்பதே நம்மவர்க்கு எட்டாத தொலைவில் இருந்தது. 1854-இல் தோன்றிய கும்பகோணம் கல்லூரிக்கோ, திருச்சிக்கோ மூட்டை முடிச்சுகளுடன் புறப்பட வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளால் மட்டுமே முடிந்தது. இந்தக் குறையைச் சமுதாயப் பெருமக்கள் உணர்ந்தார்கள். ஜனாப் எம். ஜமால் முகம்மது சாகிபு, ஜனாப் என்.எம். காஜா மியான் ராவுத்தர் ஆகிய பெருந்தகைகளின் முயற்சியால் 1951-இல் திருச்சியில் ஜமால் முகம்மது கல்லூரி எழுந்தது. 1955-இல் நமக்கு அண்மையிலுள்ள அதிராம்பட்டினத்தில் காதிர் முகைதீன் கல்லூரி தோன்றியது. அதே ஆண்டில் தஞ்சையில் மன்னர் சரபோசி அரசுக் கல்லூரியும், 1966-இல் பெண்களுக்கெனக் குந்தவை நாச்சியார் அரசுக் கல்லூரியும் வந்தன. இன்று பேராவூரணியிலேயே அரசு கலை அறிவியல் கல்லூரி இயங்குகிறது.

வாயில்களும் ஒவ்வொன்றாக அகலமாயின. 2007-இல் தமிழக முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு கிடைத்தது. 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்யும் வசதி வந்தது. அரசுப் பள்ளிகளில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022-இலும், மாணவர்க்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-இலும் தொடங்கப்பட்டன. அல்ஹம்துலில்லாஹ், வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. வயலில் ஏற்றுவதுதான் மீதமுள்ள வேலை.

தொண்ணூறு நாள் கணக்கு

ஒரு பருவம் என்பது ஏறத்தாழ 90 வேலை நாட்கள். நாளொன்றுக்கு ஐந்து பாடவேளைகள் எனக் கொண்டால் 450 பாடவேளைகள். தேர்வு எழுத 75 விழுக்காடு வருகை வேண்டும் என்பது பொது விதி. அதன்படி 22 நாட்களுக்கு மேல் ஒரு மாணவர் வராமலிருக்க இயலாது. திருமணம், கந்தூரி, உறவினர் வருகை, காய்ச்சல் என்று பிள்ளையை வீட்டில் நிறுத்திக்கொள்ளும் பெற்றோர், இந்த 22 என்னும் எண்ணை நாட்காட்டியில் குறித்து வைப்பது நல்லது.

மதிப்பெண்ணிலும் ஒரு கணக்கு உண்டு. பாரதிதாசன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கல்லூரிகளில் எழுத்துத் தேர்வுப் பாடம் ஒன்றிற்கு 75 மதிப்பெண்கள் பருவ இறுதித் தேர்விலும், 25 மதிப்பெண்கள் அக மதிப்பீட்டிலும் கிடைக்கின்றன. உள்தேர்வு, ஒப்படைப்பு, கருத்தரங்கம் என்று இந்த 25 மதிப்பெண்கள் பருவத்தின் முதல் வாரத்திலிருந்தே சேரத் தொடங்குகின்றன. கடைசி மாதத்தில் கண்விழித்துப் படித்து இதனை மீட்க முடியாது. ஜூனில் நாற்றுவிடாதவன் தையில் களத்துமேட்டில் நின்று என்ன பயன்?

மணி அடித்த பின்னர்

கடைசிப் பாடவேளை முடிந்த பின்னரும் கல்லூரியில் கற்பதற்கு நிறைய உண்டு. 1969-இல் காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டித் தொடங்கப்பட்ட நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேரும் மாணவர், ஆண்டிற்கு 120 மணி நேரம் என இரண்டாண்டுகளில் 240 மணி நேரம் பொதுப்பணி செய்கிறார். கிராமம் ஒன்றில் ஏழு நாட்கள் சிறப்பு முகாமும் உண்டு. வாய்க்கால் தூர்வாருவதும், மரம் நடுவதும், வீடு வீடாகச் சென்று கணக்கெடுப்பதும் அங்கே பாடங்கள்.

1948-இல் சட்டம் இயற்றி அமைக்கப்பட்ட தேசிய மாணவர் படையில் மூன்றாண்டுகள் பயின்று 'சி' சான்றிதழ் பெறும் பட்டதாரிகளுக்கு, இராணுவ அதிகாரி தேர்வில் எழுத்துத் தேர்வின்றி நேர்காணலுக்குச் செல்லும் தனிவழி உண்டு. தமிழகக் காவலர் தேர்விலும் மாணவர் படை, நலப்பணித் திட்டம், விளையாட்டு ஆகியவற்றின் சான்றிதழ்களுக்குத் தனி மதிப்பெண் அளிக்கப்படுகிறது. கல்லூரியில் கையொப்பமிடச் சோம்பிய ஒரு படிவத்திற்காகப் பின்னாளில் வருந்துவோர் பலர்.

வேலைவாய்ப்பு ஒருபுறம் இருக்கட்டும். பேச்சுப் போட்டியில் முதன்முறை மேடையேறிக் கால் நடுங்கி, இரண்டு வரியோடு இறங்கி வந்த மாணவன், மூன்றாவது முறை பத்து நிமிடம் பேசுகிறான். அந்தத் துணிவை எந்தப் பாடநூலும் தந்துவிடாது. சபர் செல்லக் காத்திருக்கும் நம் இளைஞர்கள், அயல்நாட்டு அலுவலகத்தில் தலைகுனிந்து நிற்பதற்கு அறிவுக் குறைவைவிடப் பேச்சுப் பயிற்சியின் குறைவே பெரும்பாலும் காரணமாகிறது.

வீட்டு வாசலில் ஒரு கேள்வி

'படிக்கத்தானே அனுப்புகிறோம், ஆட்டமும் பாட்டும் எதற்கு?' என்று கேட்கும் அத்தாமார்களும் தாய்மார்களும் நம்மிடையே மிகுதி. பெண் பிள்ளை எனில் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. மாலைப் பேருந்தைத் தவறவிட்டால் அடுத்த பேருந்து எப்போது வரும் என்னும் கவலை பொய்யானதன்று. கிராமத்து நிறுத்தத்தில் இறங்கித் தென்னந்தோப்புகளுக்கிடையே நடந்து வரவேண்டிய பெண்ணின் பெற்றோர் அஞ்சுவதைக் குறைகூற யாருக்கும் உரிமையில்லை.

ஆனால் அந்த அச்சத்திற்கு மார்க்கத்தைத் துணைக்கு அழைப்பது நியாயமாகாது. அருள்மறையின் முதல் வஹீயே ஓதுமாறு பணித்துத்தான் இறங்கியது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடியதையும், பெருநாள் அன்று பள்ளிவாசலில் அபிசீனியர் ஈட்டி விளையாடியதை அன்னையாருக்குக் காட்டியதையும் ஹதீஸ் நூல்கள் பதிவு செய்திருக்கின்றன. பத்ருப் போரின் கைதிகளில் எழுதத் தெரிந்தோர், மதீனத்துச் சிறார்க்கு எழுத்துக் கற்பித்து விடுதலை பெற்றதை வரலாறு கூறுகிறது. உடலும் உள்ளமும் சேர்ந்து வளர்வதை இஸ்லாம் ஒருபோதும் தடுத்ததில்லை. தடையாக நிற்பது பேருந்து நேரமே என்றால், அதற்குத் தீர்வு காண்பதுதான் முறை.

அளவும் வேண்டும்

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். விளையாட்டும் விழாக்களும் எனத் திரிந்து வகுப்பை மறந்தோரும் உண்டு. ஒன்றிலேயே மூழ்கி மற்றதைக் கைவிடுவதன் விலையை நம் காவிரிக் கரையிலேயே ஒரு மேதை கொடுத்திருக்கிறார். 1904-இல் கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்த சீனிவாச இராமானுஜன், கணிதத்தைத் தவிர மற்றப் பாடங்களில் மனம் செலுத்தாமல் ஆங்கிலத்தில் தோற்று, அந்த உதவித்தொகையை இழந்தார். அவரை உலகம் பின்னர் கண்டெடுத்தது. எல்லோருக்கும் அந்த வாய்ப்பு அமைவதில்லை.

எனவே புதிய மாணவர்க்கு நாம் கூறுவது எளிய வழி. முதல் மாதத்தில் எல்லா மன்றங்களையும் பாருங்கள். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதனை மூன்றாண்டுகளும் விடாதீர்கள். ஐந்து மன்றங்களில் பெயர் கொடுத்துவிட்டு ஒன்றிலும் தலைகாட்டாமலிருப்பதைவிட இது மேலானது. ஒருநாளின் ஓய்வு நேரத்தில் கைப்பேசி எத்தனை மணி நேரத்தை விழுங்குகிறது என்று எண்ணிப் பார்த்தால், 'நேரமில்லை' என்னும் சொல் தானே வாயடங்கும்.

கஜா கற்பித்தது

2018 நவம்பர் 16-ஆம் நாள் அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தது. பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பகுதிகளில் இலட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்தன. ஒரு தலைமுறையின் உழைப்பு ஒரே இரவில் மண்ணில் கிடந்தது. மின்சாரமும் குடிநீரும் இல்லாத அந்நாட்களில் ஊருக்குத் தேவைப்பட்டவர்கள் யார்? பட்டியல் எழுதத் தெரிந்தவர்கள், வரிசையை ஒழுங்கு செய்யத் தெரிந்தவர்கள், அதிகாரியிடம் அச்சமின்றி நிலைமையை எடுத்துரைக்கத் தெரிந்தவர்கள், காயத்திற்கு முதலுதவி செய்யத் தெரிந்தவர்கள். நலப்பணித் திட்டமும், மாணவர் படையும், செஞ்சிலுவைச் சங்கமும் இவற்றையன்றி வேறு எதனைக் கற்பிக்கின்றன?

அன்று ஆறாம் வகுப்பில் இருந்த சிறுவர் சிறுமியர் 2025-இல் கல்லூரி வயதை எட்டினார்கள். புயலுக்குப் பின் நட்ட தென்னங்கன்றுகளும் காய்ப்புக்கு வந்த காலம் அது. கன்றுக்கு நீர் ஊற்றிய அதே பொறுமை பிள்ளைகளுக்கும் தேவைப்படுகிறது.

நாம் செய்யக்கூடியவை

பெற்றோர் பருவத் தொடக்கத்தில் ஒருமுறையேனும் கல்லூரிக்குச் சென்று ஆசிரியரைக் காணட்டும். மகள் பெயர் கொடுத்துள்ள மன்றம் எது, கூட்டம் எந்நாளில், எத்தனை மணிக்கு முடியும் என்று கேட்டறியட்டும். நேரம் தெரிந்துவிட்டால் அச்சத்தில் பாதி குறையும். ஒரே ஊரிலிருந்து செல்லும் நான்கைந்து மாணவியர் ஒரே நாளில் ஒரே மன்றத்தில் இருந்தால், சேர்ந்தே போய்ச் சேர்ந்தே திரும்பலாம்.

ஜமாஅத்துகளும் இதில் பங்கேற்கலாம். வாரத்தில் ஒரு மாலை மட்டும் ஒரு வேனுக்கு ஏற்பாடு செய்வது, பெருநாள் விருந்துக்குச் செலவிடுவதில் சிறு பகுதியாகத்தான் இருக்கும். மதரஸா ஆண்டு விழாவில் கல்லூரி மாணவரையும் மாணவியரையும் பேச அழைக்கலாம்; சொந்த ஊரில் பேசிப் பழகிய நாவு வெளியூரில் தடுமாறாது. பட்டம் பெற்று வெளிநாட்டில் இருப்போர், விடுமுறையில் வரும்போது ஒரு மாலைப்பொழுதை இளையோருடன் அமர்ந்து பேசச் செலவிட்டாலே போதும்.

தலைமடையில் இருப்பவர்க்குத் தண்ணீர் தானாகவே வரும். கடைமடையில் இருப்பவர் மண்வெட்டியுடன் இரவெல்லாம் கரையில் காத்திருந்துதான் மடையைத் திருப்பவேண்டும். நம் பிள்ளைகளுக்காக அந்த மண்வெட்டியை நாம் எடுக்கும் பருவம் இதுவே. பிறந்திருக்கும் கல்விப் பருவத்தை அவர்களுக்குப் பயனுள்ளதாகவும், அவர்கள் பெறும் கல்வியைச் சமுதாயத்திற்கு நலமளிப்பதாகவும் வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.