ஒத்திகை இல்லாத நால்வர்

மருத்துவமனைக்கு வருவோர் எவரும் ஒத்திகை பார்த்துவிட்டு வருவதில்லை. நேற்று வரை வீட்டுக் கணக்கை எழுதிக்கொண்டிருந்தவர் இன்று கணவருக்கு மருந்து தர வேண்டிய நேரங்களை எழுதுகிறார். தாய் படுக்கையில் இருக்க, பள்ளி செல்லும் மகள் அடுக்களைப் பொறுப்பை ஏற்கிறாள். "அடுத்து என்ன செய்வதென்றே தெரியவில்லை" என்று துணைக்கு இருப்போர் கூறுவதை நாங்கள் நாள்தோறும் கேட்கிறோம். அந்தச் சொற்களை மனத்தில் இருத்தியே, இவ்விதழுக்கு ஓர் இசைக்குழுவையும் அதன் இசைத்தொகுப்பையும் தேர்ந்தெடுத்தோம்.

நார்வே நாட்டைச் சேர்ந்த அக்குழுவின் பெயர் சூப்பர்சைலண்ட். தமிழில் 'பேரமைதி' எனலாம். ட்ரோண்ட்ஹைம் நகரில் ஜாஸ் பயின்ற மூவர் முதலில் ஒரு சிறு குழுவாக வாசித்து வந்தனர். ஆர்வே ஹென்ரிக்சென் டிரம்பெட் ஊதுவார். ஸ்டோலே ஸ்டோர்லோக்கென் சிந்தசைசர் உள்ளிட்ட விசைப்பலகைக் கருவிகளை வாசிப்பார். யார்லே வெஸ்பெஸ்டாட் டிரம்ஸ் இசைப்பார். 1997இல் பெர்கன் நகரின் இசைவிழா மேடையொன்றில் ஹெல்கே ஸ்டேன் அவர்களுடன் இணைந்தார். அவர் மின்னணு ஒலிக்கலைஞர். பழைய நாடா எதிரொலிக் கருவிகள், ஒலிவடிப்பான்கள், தாமே உருவாக்கிய சாதனங்கள் ஆகியவற்றின் தொகுதியை அவர் 'ஒலி வைரஸ்' என்று அழைப்பார். மருத்துவமனையில் எவரும் விரும்பிக் கேட்கும் சொல்லன்று அது. ஆயினும் பெயர் பொருத்தமானதே. பிறர் எழுப்பும் ஒலிக்குள் அது புகுந்து, அதனை நீட்டியும் குலைத்தும் வேறொன்றாக்கிவிடுகிறது.

இந்நால்வரும் தமக்கென ஒரு வழக்கத்தை வகுத்துக்கொண்டனர். ஒத்திகை பார்ப்பதில்லை; வாசிக்கவிருப்பதைப் பற்றி முன்கூட்டிப் பேசிக்கொள்வதுமில்லை. நம் கருநாடக இசையில் மனோதர்மத்துக்குப் பெரிய இடமுண்டு. ஆனால் அங்கே இராகமும் தாளமும் கரை போல் நின்று காக்கின்றன. இங்கோ கலைஞர் கைக்கொள்ள முன்பே வகுத்த கரை எதுவும் இல்லை. அடுத்தவர் எழுப்பும் ஒலி மட்டுமே வழிகாட்டி. அதற்குச் செவிகொடுத்து, அந்தக் கணத்தில் பொருந்துவதைச் செய்ய வேண்டும்.

1998இல் வெளிவந்த இவர்களது முதல் தொகுப்பு மூன்று இசைத்தட்டுகள் கொண்டது. அதன் பெயர் '1-3'. அடுத்தடுத்த தொகுப்புகளுக்கும் எண்களே பெயர்கள். உள்ளிருக்கும் பகுதிகளுக்கும் 6.1, 6.2 என்று எண்களே. படுக்கை எண், கோப்பு எண், வரிசை எண் என்று எண்களால் சலித்துப்போன எங்கள் வாசகர்களுக்கு இது உவப்பாக இராது என்பதை அறிவோம். ஆனால் இங்கே எண்ணிடுவதில் ஒரு நன்மை உண்டு. 'சோகம்' என்றோ 'விடியல்' என்றோ பெயர் சூட்டியிருந்தால், எதை உணர வேண்டும் என்று நமக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டது போலாகும். இவ்விசை அவ்வாறு எதையும் வற்புறுத்துவதில்லை.

நாங்கள் பரிந்துரைப்பது 2003இல் வெளிவந்த '6' என்னும் ஒலிப்பதிவுக்கூடத் தொகுப்பை. முந்தைய தொகுப்புகளின் முரட்டுத்தனம் இதில் பெரிதும் தணிந்து, மெல்ல விரியும் நீண்ட இசைப்பரப்புகள் கூடியுள்ளன. ஹென்ரிக்செனின் டிரம்பெட்டைத் தனியே கவனியுங்கள். ஷாகுஹாச்சி எனப்படும் ஜப்பானிய மூங்கில் குழலின் இசையில் ஈடுபாடு கொண்டவர் அவர். பித்தளைக் கருவிக்குரிய மிடுக்கை விடுத்து, காற்றுக் கலந்த மென்குரலை எழுப்புகிறார். பொதுவாக மறைக்கப்படும் மூச்சொலியை அவர் மறைப்பதில்லை. மூச்சு விடுவதன் அருமையை நோயில் உணர்ந்தோருக்கு அந்த ஒலி அந்நியமாகத் தோன்றாது.

கேட்டுப் பழகிய பின் இன்னொன்றும் புலப்படும். நால்வரும் எப்போதும் வாசித்துக்கொண்டிருப்பதில்லை. ஒருவர் மெல்லத் தொடங்கும்போது மற்றவர் ஒதுங்கி இடம் விடுகிறார். அவ்வாறு ஒதுங்கியிருப்பதும் வாசிப்பின் ஒரு பகுதியே. நோயாளியின் அருகில் இருப்போர் பலர், எதையாவது சொல்லிக்கொண்டே இருந்தால்தான் ஆறுதல் என்று எண்ணித் தம்மையும் வருத்திக்கொள்கின்றனர். சொல்ல ஏதுமில்லாதபோது அருகில் அமர்ந்திருப்பது குறையன்று. நோயாளி பேச விரும்பும்போது அந்த அமைதியே அவருக்கு இடமளிக்கும்.

2009இல் டிரம்ஸ் கலைஞர் வெஸ்பெஸ்டாட் குழுவிலிருந்து விலகினார். மற்ற மூவரும் அவரது இடத்தில் வேறொருவரை அமர்த்தவில்லை. பழைய இசையைப் பழையபடியே நிகழ்த்தவும் முயலவில்லை. அதே ஆண்டில் வெளியான '9' என்னும் தொகுப்பில் மூவருமே ஹாமண்ட் ஆர்கன் வாசித்தனர். பக்கவாதத்துக்குப் பின்னரோ பெரிய அறுவைச் சிகிச்சைக்குப் பின்னரோ வீடு திரும்பும் குடும்பங்களை எண்ணும்போது இந்நிகழ்ச்சி எங்கள் நினைவுக்கு வருகிறது. "பழையபடி ஆகிவிட வேண்டும்" என்பது நியாயமான ஆசையே. அது நிறைவேறாத வீடுகளில், இருப்போர் இருப்பதைக் கொண்டு வேறொரு முறையில் வாழத் தொடங்குகின்றனர். அதனைத் தோல்வி என்று கருத வேண்டியதில்லை.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. வாழ்க்கையில் மனோதர்மம் வேண்டும். மருந்தளவிலும் மருந்து நேரத்திலும் அதற்கு இடமில்லை. இந்த நால்வரின் சுதந்திரத்துக்குப் பின்னும் பல்லாண்டுப் பயிற்சி இருக்கிறது என்பதை மறவாதீர்கள். இவ்விசை நோயைத் தீர்க்கும் என்றும் நாங்கள் சொல்லவில்லை. சில இடங்களில் இது உரத்தும் கரடுமுரடாகவும் ஒலிக்கும். ஆகவே கேட்க விரும்புவோர் இவற்றைக் கவனத்தில் கொள்க: நோயாளியின் விருப்பத்தை முதலில் அறியுங்கள். அறையில் பிறர் இருப்பின் செவிப்பொறி பயன்படுத்துங்கள். செவிலியர் அழைத்தால் கேட்குமாறு ஒலியைக் குறைத்து வையுங்கள். தலைவலியோ படபடப்போ தோன்றினால் உடனே நிறுத்திவிடுங்கள். நிறுத்தும் பொத்தான் நோயாளியின் கையிலேயே இருக்கட்டும். தம் விருப்பப்படி முடிவெடுக்கும் வாய்ப்பு அவருக்கு இங்கே மிகக் குறைவு. இசை பிடிக்கவில்லையெனில் அதற்காக வருந்த வேண்டாம். பிடித்த பழைய பாடல் ஒன்றை ஒலிக்க விடுங்கள்.

தமிழில் 'கேட்டல்' என்னும் ஒரே சொல், செவிகொடுப்பதையும் வினவுவதையும் குறிக்கிறது. அடுத்து என்ன செய்வதென்று தெரியாத வேளையில் முதலில் அருகில் இருப்பவர் கூறுவதைக் கேளுங்கள். பின்னர் எங்களிடம் கேளுங்கள். மருத்துவரிடம் கேட்கத் தயங்கிய கேள்வியைச் செவிலியரிடம் கேட்கலாம். நேற்றுக் கேட்ட கேள்வியையே இன்றும் கேட்கலாம். பதில் சொல்ல நாங்கள் இருக்கிறோம்.