பேக்கப் சொன்ன ராத்திரி

நண்பன் எடுத்த குறும்படத்துக்கு நான்தான் புரொடக்‌ஷன் மேனேஜர். ஆபீஸில் ஷெட்யூல், பட்ஜெட் எல்லாம் பார்க்கிறவன், இது என்ன பெரிய வேலை என்ற நினைப்பு. லொகேஷன் அனுமதி, இன்சூரன்ஸ், பார்க்கிங், ஆறு மணி நேரத்துக்குள் எல்லோருக்கும் சாப்பாடு என்று முதல் நாளே நாக்குத் தள்ளிவிட்டது.

கோடம்பாக்கத்தில் இதே வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாமாவுக்கு போன் போட்டேன். "சாப்பாடும் பேட்டாவும் சரியாப் போனா பாதிப் படம் முடிஞ்ச மாதிரிடா. அப்புறம், எல்லாரும் வீடு போய்ச் சேர்ந்தாங்களான்னு பாரு" என்றார். கடைசி வாக்கியத்தைச் சும்மா கேட்டுக்கொண்டேன்.

இரண்டாம் நாள். காலை 6 மணிக்கு வந்தவர்கள், ராத்திரி 9 ஆகியும் இரண்டு ஷாட் பாக்கி. "ஒரே ஒரு மணி நேரம்டா" என்றான் நண்பன். கேமரா அசிஸ்டென்ட் பையனுக்குக் கண் சிவந்திருந்தது. அவன் 60 மைல் ஓட்டிப் போகணும்.

1997இல் 'பிளசன்ட்வில்' படத்தின் கேமரா உதவியாளர் ப்ரென்ட் ஹெர்ஷ்மன், 19 மணி நேர வேலைக்குப் பிறகு வண்டி ஓட்டிப் போகும்போது கண்ணயர்ந்து விபத்தில் இறந்தார். வயது 35. ஒரு நாளைக்கு 14 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று ஹாலிவுட்டில் கையெழுத்து இயக்கமே நடந்தது. ஒளிப்பதிவாளர் ஹாஸ்கெல் வெக்ஸ்லர் இதைப் பற்றி ஆவணப்படமும் எடுத்தார்.

பேக்கப் சொல்லிவிட்டேன். அந்த வீட்டுக்கு அனுமதி அன்றைக்கு மட்டும்தான். அந்த ஷாட்கள் போனது போனதுதான். நண்பன் ஒரு வாரம் பேசவில்லை. பையன் எங்கள் வீட்டு சோபாவில் தூங்கி, காலையில் ஆறு தோசை சாப்பிட்டுக் கிளம்பினான். போய்ச் சேர்ந்ததும் மெசேஜ் போடச் சொல்லியிருந்தேன். போட்டான்.